ஜன்னலில் துண்டு

ஃபேரோ தீவில் மார்ச் மாதம்.
ரன்வாவின் அம்மா தொலைபேசியில் கேட்டாள்:
"இவளிடம் என்ன சொல்லிவைத்தாய், துரோந்துர்?
ஒரு வாரமாக உடை மாற்றுமுன்
ஜன்னலுக்குத் துண்டு கட்டுகிறாள்.
வெளியே ஆடுகளும் கடலும் தவிர
பார்க்க ஆளில்லை."

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியை வரவில்லை,
ஞானத்தகப்பன் என்ற முறையில்
என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.
பதினொரு பிள்ளைகள், ஒரு டப்பா பிஸ்கட்.
டப்பாவில் நாலு குறைந்தபோது
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்."
அறை அடங்கியது.
எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வசதியைத்தான் இப்போது நினைக்கிறேன்.
என் அப்பாவும் அப்படித்தான்,
கை ஓங்கச் சோம்பலான நாட்களில்
கடவுளை ஓங்குவார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்
ஆலயக் கூரையில் தொங்கும் மரக்கப்பலின் கீழே
இவளை ஏந்தி நின்றேன்.
நெற்றியில் தண்ணீர் பட்டதும்
என் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள்.
போதகர் ஏதோ கேட்டார். "ஆம்" என்றேன்.
எதற்கு ஆம் என்று காதில் விழவில்லை,
விருந்தின் ஆட்டிறைச்சி வாசம்
முன்பே வந்துவிட்டிருந்தது.
என்னோடு சபையே ஆம் என்றது:
மீன் ஆலைக் கணக்கர், அஞ்சல்காரி,
இருமிக்கொண்டே ஒரு பழைய மாலுமி.
எல்லோரும் சேர்ந்து தூக்கியதால்
யார் கையிலும் கனக்கவில்லை.

வெள்ளி இரவு என் முறை.
கரையோர வானொலியில் வேலை எனக்கு,
படகுகள் கூப்பிட்டால் பதில் சொல்பவன்.
மார்யுனுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி;
ரன்வா போர்வையோடு வந்து
பக்கத்து நாற்காலியில் ஏறினாள்.
திரையில் பச்சைப் புள்ளிகள்.
"இது யார்?"
"ஹானுஸின் படகு."
"உள்ளே என்ன செய்கிறார் என்று தெரியுமா?"
"தெரியாது."
"கணக்குக்கு மேல் மீன் பிடித்தால்?"
"அதை எழுதுவது வேறு ஆபீஸ்."
"அப்புறம் நீ எதற்கு முழித்திருக்கிறாய்?"
"கூப்பிட்டால்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

உபதேசம் தொண்டை வரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
பிள்ளைகளுக்கு அது மீன் எண்ணெய்;
மூடி திறக்குமுன்பே வாடை தெரியும்.

"ரன்வா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு.
பிஸ்கட்டைக் காப்பாற்ற
அவர் பெயரை எடுத்தேன்."
"பிஸ்கட்டை எடுத்தது நான் இல்லை."
"தெரியும்."
"ஒன்றுதான் எடுத்தேன்."
"சரி."

காற்று ஆன்டெனாவை உலுக்கியது.
ஒரு மணிக்கு ஒரு படகு கூப்பிட்டது,
வானிலை கேட்க மட்டும். சொன்னேன்.
கரகரத்த குரலில் நன்றி வந்தது.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
போர்வைக்குள்ளிருந்து:
"அப்படியென்றால் கடவுள்
பார்த்துக்கொண்டிருக்கிறாரா,
பார்த்துக்கொள்கிறாரா?"

என் விசுவாசம் எவ்வளவு மிச்சம் என்று
யாரும் டப்பாவைத் திறந்து எண்ணியதில்லை.
நாலைந்து குறைவாகவே இருக்கும்.
இருந்ததில் எடுத்துக் கொடுத்தேன்:
"இரண்டாவது சொன்னாயே, அது என்று நினைக்கிறேன்."
"நினைக்கிறாயா?"
"நினைக்கத்தான் செய்கிறேன்."
அவள் அதை வாங்கிக்கொண்டாளா தெரியவில்லை.
கால்களை என் மடியில் நீட்டினாள்.
சில்லென்றிருந்தன.
விடியும்வரை அசையாமல் இருந்தேன்,
காபி எட்டாத தூரத்தில்.

மறு வாரம் மார்யுன் சொன்னாள்:
துண்டு இன்னும் இருக்கிறது.
கீழ் ஓரத்தை மட்டும்
ஒரு சாண் மடித்துவிட்டிருக்கிறாளாம்.

ஒரு சாண்.

இந்த ஞாயிறும் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
பிஸ்கட் நானே வாங்கிப் போகிறேன்,
இரண்டு டப்பா,
மூடியைக் கழற்றி வைத்துவிடுவேன்.